ஐயாவின் மோட்டார் வண்டி

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரையொன்று வேண்டியபோது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியம் பற்றியோ ஈழத்துப் புலவர் பரம்பரை பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். அவை பற்றி எழுதவல்ல அறிஞர் பலர் நம் பழைய மாணவருள் உளர். ஆதலால், அவர்கள் எழுத முடியாததும் நான் மட்டுமே எழுதக் கடமைப்பட்டதுமான ஒன்றை எழுதத் துணிந்தேன். நெடுங்காலம் ஓடாது கிடந்த ஒரு மோட்டார் வண்டியை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்த கதை அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் வாய்திறந்து சொல்லாத ஓர் உண்மையும் அக்கதையினுள் அடங்கியிருக்கின்றது.

1973 தொடக்கம் 1990 வரை நமது கல்லூரியிற் பயின்றோர் அவ்வண்டியை மறந்திருக்கமாட்டார்கள். விஞ்ஞான கூடத்துக்கு அருகே வேப்பமரத்தின் கீழ் நாள்தோறும் காலை ஏழரை மணிக்கு வந்து நிற்கும் சாம்பல் நிற மொறிஸ் மைனர் அது. 'கணித மாஸ்ரரின் கார்' என்று அதனைக் குறிப்பிடுவர். அக்கணித மாஸ்ரரே என் தந்தையார். விளையாட்டுப் போட்டியில் மயங்கி விழுந்த மாணவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும், மழை நாளில் நடந்து வந்த சிறுவர் அறுவர் எழுவரை ஒருங்கே அடைத்து வீடு சேர்த்ததும் அவ்வண்டியே. இம்மலரைக் கையில் ஏந்தியிருப்போருட் சிலர் அதன் பின்னாசனத்தில் நெருக்குண்டு இருந்தவர்களாகவும் இருக்கலாம்.

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. பின்னாளில் மினி என்னும் சிறு வண்டியை உருவாக்கிப் புகழ்பெற்ற அலெக் இசிகோனிஸ் என்பாரே இதனையும் வடிவமைத்தவர். பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானிய மோட்டார் வண்டி என்ற பெருமையும் இதற்கு உண்டு. யாழ்ப்பாணத்தார் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியவற்றோடு இதனையும் தம் குடும்பத்து உறுப்பினரைப் போலப் பேணி வந்தமைக்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. எளிமையான அமைப்புடையதாதலால், ஊர்க் கராஜில் உள்ள ஒருவர் நான்கைந்து சாவிகளைக்கொண்டே அதனைக் கழற்றிப் பூட்டிவிடுவார். ஐயாவின் வண்டி 1961 இல் செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர்களும் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின் அதனுடையது. 1973 இல் அதனை இரண்டாங் கையாக அவர் வாங்கினார்.

ஐயா தம் வண்டியைக் கொண்டே கணிதம் கற்பித்ததும் உண்டு. கரும்பலகையில் அதன் உருவத்தை வரைந்து, 'மணிக்கு இருபது மைல் வேகத்திற் செல்லும் வண்டி பிறேக் பிடித்தபின் இவ்வளவு தூரத்தில் நிற்குமாயின், நாற்பது மைல் வேகத்திற் செல்லும்போது எவ்வளவு தூரத்தில் நிற்கும்?' என்று வினவுவார். 'இருமடங்கு' என்று வகுப்பு முழுவதும் ஒருமித்துக் கூவும். ஐயா சிரிப்பார். வேகம் இரட்டித்தால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்மடங்காகும் என்பதை நிறுவிக் காட்டிய பின்னர், 'ஓட்டுவதற்குத் துணிவு போதும். நிறுத்துவதற்குக் கணக்குத் தெரிய வேண்டும்' என்று முடிப்பார். அவரிடம் பயின்றோர் இவ்வசனத்தை இன்றும் சொல்வர்.

1990 ஆனி மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் அற்றுப்போயிற்று. வண்டி வைத்திருந்தோர் பலர் மண்ணெண்ணெயில் ஓட்டத் தலைப்பட்டனர். சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது நன்கு சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதே இதன் காரணம். புகையும் நாற்றமும் ஒழுங்கையை நிறைக்கும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலோடு கலந்து அதனைத் தண்ணீராக்கிவிடும். உராய்வுப் பாகங்கள் தேயும். ஐயா அவ்வாறு ஓட்ட விரும்பவில்லை. சைக்கிளில் கல்லூரிக்குப் போகத் தொடங்கினார். ஆவணி மாதத்தில் ஒருநாள் வண்டியை மூடி வைப்பதென்று முடிவுசெய்தார்.

குளிர்நாடுகளில் மோட்டார் வண்டியை மாரி முழுவதும் மூடி வைத்து, வசந்தத்தில் வெளியே எடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கான முறைகளை ஐயா ஆங்கிலப் புத்தகமொன்றிற் படித்திருந்தார். அம்முறைப்படியே செய்தார். பத்து வயதுச் சிறுவனாகிய நான் அவருக்குக் கைத்துணை. தாங்கியிலிருந்த பெற்றோலை வடித்தார். பற்றறியைக் கழற்றினார். நான்கு பனங்குற்றிகளின்மேல் வண்டியை ஏற்றி, ரயர்கள் நிலத்திற் படாவண்ணம் செய்தார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்தினூடும் ஒரு கரண்டி ஒயில் விட்டார். முன்புறத்தில் செருகிச் சுழற்றும் இரும்பு ஹான்டிலை என் கையில் தந்து, மெல்லச் சுழற்றச் சொன்னார். ஒயில் சிலிண்டரின் சுவரெங்கும் பரவ வேண்டும். இன்றேல் பிஸ்ரனின் வளையங்கள் துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் என்று விளக்கினார். அன்று முதல் பௌர்ணமிதோறும் அந்த ஹான்டிலைச் சுழற்றுவது என் கடமையாயிற்று. ஐந்து ஆண்டுகள் அதனைத் தவறாது செய்தேன். நாங்கள் இருவரும் ஒன்றை மட்டும் மறந்திருந்தோம். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் யாவரும் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். நாங்களும் மழையில் நனைந்தபடி, சைக்கிளிற் பொதிகளைக் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி சேர்ந்தோம். 1996 இல் வீடு திரும்பியபோது கொட்டிலின் கூரை இருக்கவில்லை. வண்டி இருந்தது. பிளக்குத் துவாரத்தினூடு மாரிமழை இறங்கியிருக்க வேண்டும். ஹான்டிலைச் செருகிச் சுழற்றினேன், அசையவில்லை. ஐயா வந்து தாமும் முயன்றார். பின்னர் ஹான்டிலைக் கழற்றித் துணியால் துடைத்து வைத்துவிட்டு, தறப்பாள் ஒன்றை வண்டியின்மேல் விரித்துக் கட்டினார்.

2002 இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ9 வீதி திறந்தது. பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது. தறப்பாளுக்கும் கிடுகுக்கும் கீழிருந்த பழைய வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக வீதிக்கு வரலாயின. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. தொண்டராசிரியனாகப் பணிபுரிந்துகொண்டு நிரந்தர நியமனத்தை எதிர்பார்த்திருந்தேன். ஐயா அவ்வாண்டின் முடிவில் ஓய்வுபெறவிருந்தார். ஓய்வுபெறும் நாளில் அவரை அவர் வண்டியிலேயே கல்லூரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் ஆசை. நல்ல ஆசைதான். ஆயினும் அதனைப் பொறுமையின்றி நிறைவேற்ற முற்பட்டேன்.

நண்பர் இருவரைச் சேர்த்துக்கொண்டேன். பிளக்குத் துவாரங்களில் மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்தோம். பழகிய கை ஒன்று இரண்டு வாரமேனும் பொறுத்திருக்கும். மூன்றாம் நாள் கியரிற் போட்டு உழவு இயந்திரத்தால் இழுத்தோம். உள்ளே ஏதோ முறிந்த ஓசை கேட்டது. எஞ்சின் சுழன்றது. அச்சுழற்சியைக் கண்ட களிப்பில் ஓசையை மறந்தோம். துருப்பிடித்த தாங்கியைக் கழுவாமலே பெற்றோல் நிரப்பினோம். இரவற் பற்றறி ஒன்றைப் பூட்டினோம். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அந்த எஞ்சின் கனைத்து எழுந்தபோது நாங்கள் எழுப்பிய ஆரவாரத்தை அயலார் யாவரும் கேட்டனர்.

வளவினுள் இரண்டு முறை வட்டமிட்டேன். பிறேக்கை மிதித்தேன், நின்றது. அது போதும் என்று கருதினேன். வண்டியைப் படலையை நோக்கிச் செலுத்தினேன். அவ்வேளையில் சந்தைக்குச் சென்றிருந்த ஐயா திரும்பி வந்து, சைக்கிளை ஒரு கையாற் பிடித்தபடி மறு கையாற் படலையைத் திறந்தார். நான் பிறேக்கை மிதித்தேன். மிதி தடையின்றித் தரை வரை சென்றது. மறுபடியும் மிதித்தேன், வெறுமையே. கை பிறேக்கை இழுத்தேன். துருவேறிய கம்பி அறுந்தது. வண்டியின் வேகம் மனிதன் ஓடும் வேகத்தினும் அதிகமன்று. ஆனால் ஐயாவுக்கும் படலைத்தூணுக்கும் இடையே ஒதுங்க இடம் இருக்கவில்லை. அவரது வலக்காலின் முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளும் முறிந்தன.

வைத்தியசாலையில் விசாரித்தவர்களிடம் ஐயா சொன்னது இது: 'கை பிறேக் போடாமல் விட்டிருந்தேன்; வண்டி தானாக உருண்டு வந்துவிட்டது. என் கவனக்குறைவுதான்.' உறவினரிடமும் அதனையே சொன்னார். என் நண்பர்களையும் அவ்வாறே சொல்லச் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. மார்கழியில் நமது மண்டபத்தில் நடந்த பிரியாவிடைக் கூட்டத்தில் ஊன்றுகோலுடன் எழுந்து நின்று, 'முப்பது ஆண்டுகள் நிறுத்தும் தூரத்தைக் கற்பித்தவன், தன் வண்டியை நிறுத்தி வைக்க மறந்துவிட்டான்' என்று பேசினார். மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. பின்வரிசையில் இருந்த நானும் சிரித்தேன். அச்சிரிப்பை நினைக்குந்தோறும் இன்றும் எனக்கு உடல் கூசும். ஐயாவின் ஊன்றுகோலை அறிந்த பழைய மாணவர் எல்லோரும் அதன் காரணமாக இப்பொய்யையே அறிவர். உண்மையை இம்மலரிலே முதன்முதலாக எழுதுகின்றேன்: வண்டி தானாக உருளவில்லை, ஓட்டியவன் நான்.

அதன்பின் வண்டியை எவரும் தொடவில்லை. நான் நியமனம் பெற்றேன், ஆசிரிய கலாசாலையிற் பயின்று சான்றிதழும் பெற்றேன், மணம் முடித்தேன். 2022 இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது, என் மோட்டார்ச் சைக்கிளும் வாரக்கணக்கில் கொட்டிலில் நின்றது. அதனைத் துடைத்து வைக்கச் சென்ற என் மகன், பக்கத்தே தறப்பாளை உயர்த்திப் பார்த்துவிட்டு, 'அப்பா, இது ஏன் ஓடுவதில்லை?' என்று கேட்டான். அவனுக்கும் அந்தப் பழைய விடையையே சொன்னேன். என் பொய் மூன்றாந் தலைமுறைக்கும் சென்றுவிட்டதை அன்றிரவு உணர்ந்தேன்.

யூபிலி பற்றிய அறிவித்தல் வந்தபின், 2024 தைப்பொங்கல் கழிந்து, வண்டியைத் திருத்தப்போவதாக ஐயாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது வயது எண்பத்திரண்டு. சற்று நேரம் பேசாதிருந்து, 'எதிலிருந்து தொடங்கப்போகிறாய்?' என்று வினவினார்.

'பிறேக்கிலிருந்து, ஐயா' என்றேன்.

'சரி' என்றார்.

ரொறன்ரோவில் வாழும் என் தமையனார் அங்கே பழைய வண்டியொன்று வைத்திருக்கின்றார். பனியை உருக்குவதற்காக வீதிகளில் உப்புத் தூவுவர். அவ்வுப்பு நீர் இரும்பை அரிக்கும். ஆதலால் மாரி தொடங்குமுன் அதனை உள்ளே வைத்து, சித்திரையில் வெளியே எடுப்பார். ஒவ்வொரு சித்திரையிலும் அவர் பார்க்கும் பட்டியலைத் தொலைபேசியில் எனக்கு ஒப்புவித்தார். பிறேக் ஒயில், ரயர், பற்றறி, தண்ணீர்க் குழாய், எலிக்கூடு என்று அது நீண்டது. 'எங்களுக்கு ஐந்து மாதம். உங்களுக்கு முப்பத்து நான்கு வருடம். ஆனாலும் வரிசை ஒன்றுதான்' என்றார்.

வேலையை ஏற்றுக்கொண்ட கராஜ்காரர் ஐயாவிடம் கணிதம் கற்றவர். அவர் முதலில் எஞ்சின் மூடியைத் திறந்தபோது அணில் ஒன்று தும்பும் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூடு வெளிப்பட்டது. புகைக்குழாயின் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. அடித்தகடு பல இடங்களில் துருவால் அரிபட்டிருந்தது. அவற்றை வெட்டி எடுத்து, புதிய தகடு வைத்து ஒட்டினார். பின்னர்ச் சில்லுகளைக் கழற்றினோம்.

மொறிஸ் மைனரில் முன்சில்லுகளுக்கு இவ்விரண்டும் பின்சில்லுகளுக்கு ஒவ்வொன்றுமாக ஆறு சிறு பிறேக் சிலிண்டர்கள் உண்டு. இவற்றுக்கு ஒயிலை அனுப்பும் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் பாதத்துக்குக் கீழே, தரைத்தகட்டுக்கு அடியில் இருக்கின்றது. அவற்றைப் பிளந்து பார்த்தபோது, 2002 இல் நிகழ்ந்ததன் காரணம் கண்முன்னே கிடந்தது. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாது விட்டால், அந்நீர் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்யும். றப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும். ஆயினும் முதல் இரண்டொரு மிதிகளுக்கு அவை தாங்கும். துருவின் கரட்டில் உரசி றப்பர் கிழிந்த மறுகணமே ஒயில் வெளியேறி, மிதி தரைக்குப் போய்விடும். 'பிறேக் பிடித்தது' என்று நான் அன்று நம்பியது அந்த இரண்டு மிதிகளையே.

ஆறு சிலிண்டர்களையும் மாஸ்ரர் சிலிண்டரையும் இரும்புக் குழாய்களையும் றப்பர்க் குழாய்களையும் கை பிறேக் கம்பியையும் முற்றாக மாற்றினோம். சிலவற்றைக் கொழும்பில் தேடிப் பெற்றோம். சிலவற்றைத் தமையனார் இங்கிலாந்திலிருந்து தருவித்தார். மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் ஒருகாலத்தில் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானதுண்டு என்பதைக் கராஜ்காரர் சொல்லி அறிந்தேன்.

அடுத்து எஞ்சின். அதனைத் திறந்தபோது ஒரு பிஸ்ரனின் வளையம் இரண்டு துண்டாக முறிந்து, சிலிண்டர்ச் சுவரிற் கோடு கிழித்திருந்தது. உழவு இயந்திரத்தால் இழுத்த நாளிற் கேட்ட ஓசை நினைவுக்கு வந்தது. கராஜ்காரர் அத்துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்து, 'அவசரப்பட்ட கை ஒன்று இதில் பட்டிருக்கிறது, மாஸ்ரர்' என்றார். 'அந்தக் கை இதுதான்' என்று விடையிறுத்தேன். வெளியார் ஒருவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுவே.

நான் 2002 இல் நிரப்பிய பெற்றோல் தாங்கியினுள் அப்படியே இருந்தது. அது பெற்றோலாக இருக்கவில்லை. எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது செந்நிறப் பிசினாக அடியில் உறைந்து வார்னிஷ் போல் நாறிற்று. தாங்கியைக் கழற்றிச் சிறு கற்களை உள்ளே இட்டுக் குலுக்கிக் கழுவினோம். காபரேற்றரின் நுண்டுவாரங்களை ஒவ்வொன்றாக ஊதித் திறந்தோம். றேடியேற்றரைக் கழுவி, வெடித்திருந்த தண்ணீர்க் குழாய்களை மாற்றினோம். ரயர்களின் வரிகள் தேயாதிருந்தும் பக்கங்களில் நுண்வெடிப்புகள் காணப்பட்டன. தேயாத ரயர் நல்ல ரயர் அன்று என்பதையும் கற்றேன். 'இருந்த கால் மூதேவி, நடந்த கால் சீதேவி' என்னும் நம் பழமொழி சில்லுக்கும் பொருந்துகின்றது.

வேலை ஆறு மாதம் நீடித்தது. எங்கள் வளவிலேயே பெரும்பகுதி நடைபெற்றதால் ஐயா நாள்தோறும் சாய்மனைக் கதிரையில் இருந்து மேற்பார்வை செய்தார். பற்றறி பூட்டும்போது கராஜ்காரரின் உதவியாளன் வழமைபோல மறைமுனையை வண்டியின் உடலோடு இணைக்கப் போனான். 'தம்பி, பொறு! இந்த வண்டிக்கு நேர்முனைதான் உடலோடு' என்று கதிரையிலிருந்து குரல் வந்தது. உண்மையில் இவ்வகை வண்டிகள் அவ்வாறே செய்யப்பட்டவை. எண்பத்திரண்டு வயதிலும் அவர் எதனையும் மறக்கவில்லை.

இறுதியாகப் பிறேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலை. குழாயில் காற்று இருந்தால் அது அமுங்கிக் கொடுக்கும். மிதியின் விசை சில்லைச் சென்றடையாது. ஆகையால் ஒருவர் மிதியை மிதிக்க, மற்றவர் சில்லருகே சிறு ஆணியைத் தளர்த்தி, குமிழிகள் நிற்கும் வரை ஒயிலைப் போத்தலுக்குள் வடிக்க வேண்டும். மாஸ்ரர் சிலிண்டருக்கு அதிக தூரத்திலுள்ள பின்புற இடச்சில்லில் தொடங்கினோம். நான் நிலத்திற் படுத்திருந்தேன். மகன் ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தான். 'மிதி... பிடி... விடு' என்று நான் சொல்லச் சொல்ல அவன் செய்தான். நான்காவது சில்லுக்கு வந்தபோது மிதியின் அசைவு மாறியது. நிதானமாகவும் ஒரே அளவாகவும் வந்தது. தலையை உயர்த்திப் பார்த்தேன். மகன் வெளியே நின்றான். ஆசனத்தில் ஐயா இருந்தார். ஊன்றுகோல் கதவிற் சாய்ந்திருந்தது. முறிந்து பொருந்திய அந்த வலக்காலாலேயே அவர் மிதியை அழுத்திக்கொண்டிருந்தார்.

'கல்லைப் போல நிற்கிறது' என்றார்.

நான் எழுந்து அருகிற் சென்றேன். மகனும் நின்றான். அவன் முன்னிலையிலேயே, 'ஐயா, அன்றைக்கு ஏன் உங்கள்மேல் பழியைப் போட்டுக்கொண்டீர்கள்?' என்று கேட்டேன். மகன் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான். படலையில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன்.

ஐயா கையைச் சுக்கானில் வைத்தபடியே பேசினார். 'நீ நியமனத்தை எதிர்பார்த்திருந்தாய். பொலிசும் வழக்கும் உனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அது ஒன்று. மற்றது, நான் சொன்னது முழுப்பொய் அல்ல. 1990 இல் இதை மூடி வைத்தபோது எஞ்சினுக்கு எண்ணெய் விட்டோம். மாதாமாதம் அதைச் சுழற்ற உனக்குக் கற்பித்தேன். பிறேக் ஒயிலை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்கும் சொல்லித் தரவில்லை. ஓடுவதைப் பேணினோம், நிறுத்துவதைப் பேணவில்லை. கணக்கில் அந்தப் படி என்னால் விடுபட்டது.'

அன்று மாலை எஞ்சினை இயக்கினோம். முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் அழுத்தத்தைக் காட்டும் சிறுவிளக்கு அணையும் வரை வெறுமனே சுழற்றினோம். பின்னர்ப் பிளக்குகளைப் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். பெற்றோல் பம்ப் வாய்திறக்கவில்லை. கராஜ்காரர் திருப்புளியின் பிடியால் அதனை மெல்லத் தட்டினார். டிக், டிக், டிக் என்று அது அடிக்கத் தொடங்கிற்று. பெற்றோல் நிறைந்ததும் தானாக ஓய்ந்தது. மூன்றாம் முயற்சியில் எஞ்சின் எழுந்தது. இம்முறை நாங்கள் எவரும் ஆரவாரிக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றோம்.

வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஆகியவற்றுக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியது தனிக்கதை. அதனை இங்கே விரிக்கவில்லை. அவை யாவும் கைக்கு வந்தபின், பாடசாலை விடுமுறை நாளொன்றில் ஐயாவை முன்னாசனத்தில் இருத்தி, மகனைப் பின்னாசனத்தில் ஏற்றி, கல்லூரிக்குச் சென்றேன். ஆளில்லா மைதானத்தின் ஓரத்தில் இருபது மைல் வேகத்திற் சென்று நிறுத்தச் சொன்னார். மகன் இறங்கி, தூரத்தைத் தன் அடியால் அளந்தான். பின்னர் முப்பது மைல் வேகத்தில் நிறுத்தச் சொல்லி, எவ்வளவு தூரம் வரும் என்று அவனிடம் முன்கூட்டியே கேட்டார். 'ஒன்றரை மடங்கு' என்றான் அவன். ஐயா சிரித்தார். மடியிலிருந்த தாளில் அவனுக்கு அக்கணக்கைச் செய்து காட்டினார். இரண்டேகால் மடங்கு என்று வந்தது. மைதானத்தில் நாங்கள் அளந்ததும் ஏறத்தாழ அதுவே.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டி வைத்தால் ஒரு பொருள் பாதுகாப்பாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். பூட்டிய பொருள் உறங்குவதில்லை; உள்ளே கெட்டுக்கொண்டிருக்கின்றது. பெற்றோல் பிசினாகின்றது, ஒயில் நீராகின்றது, இரும்பு துருவாகின்றது. மனத்தில் பூட்டி வைத்த உண்மையும் அவ்வாறே. என் ஆசிரியத் தொழிலில் எத்தனையோ மாணவரிடம், 'செய்த பிழையை ஒப்புக்கொள்' என்று சொல்லியிருக்கின்றேன். அப்போதெல்லாம் என் உள்ளே ஒரு சிலிண்டர் துருவேறிக்கொண்டிருந்தது. அதனைத் திறந்து துடைக்க ஒரு வண்டியின் உதவி எனக்கு வேண்டியிருந்தது.

இக்கட்டுரையை எழுத ஐயாவிடம் அனுமதி கேட்டேன். அவர் சற்றே யோசித்து, 'எழுது. தமிழ் வாத்தியார் நீ. எழுத்துப் பிழை மட்டும் வரக்கூடாது' என்றார்.

யூபிலி நாளன்று அந்தச் சாம்பல் நிற மொறிஸ் மைனர் பழைய வேப்பமரத்தடியில் நிற்கும். முன்னாசனத்தில் ஐயா இருப்பார். அவரிடம் பயின்றோர் வந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவரது காலைப் பற்றி எவரேனும் விசாரித்தால், தயைகூர்ந்து அவரைக் கேளாது என்னைக் கேளுங்கள்.